சர்க்கரை விலை பிறர் கையில், உரிமம் தன் கையில்: மொரீஷியஸ் தன் தொழில்சூழலை மாற்றிய விதம்

2005 ஜனவரியில் சிறு தீவு வளரும் நாடுகளின் பிரதிநிதிகள் ஐக்கிய நாடுகள் சபையின் மாநாட்டுக்காக மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் கூடினார்கள். கடல்மட்ட உயர்வு, புயல், கடன் சுமை, தொலைதூரச் சந்தை என்று தீவு நாடுகளின் நெடுநாள் கவலைகள் அங்கே பேசப்பட்டன. மாநாட்டை நடத்திய நாட்டுக்கோ அந்த மாதத்தின் முதல் நாளே ஓர் அடி விழுந்திருந்தது. பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2004 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துபோயிருந்தது. சீனா போன்ற பெரிய உற்பத்தி நாடுகளுக்கு இருந்த வரம்பு நீங்கிவிட்டதால், அந்த வரம்பின் நிழலில் முப்பது ஆண்டுகள் வளர்ந்த மொரீஷியஸின் ஆடைத் தொழிற்சாலைகள் நேரடிப் போட்டியில் நின்றாக வேண்டிய நிலை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குத் தந்துவந்த உறுதி விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தது. கச்சா எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு துளி எண்ணெயும் கிடைக்காத தீவுக்கு இது மூன்றாவது அடி.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எதையும் மொரீஷியஸ் நாடாளுமன்றம் தீர்மானிக்கவில்லை, தீர்மானித்திருக்கவும் முடியாது. அதற்கு அடுத்த ஆண்டில் அந்நாடு தன் தொழில் சட்டங்களைத் திருத்தி எழுதியபோது என்ன செய்ய முயன்றது என்பதை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். சிறு தீவு ஒன்று உலக விலையை மாற்ற முடியாது, கப்பல் கட்டணத்தைக் குறைக்க முடியாது, புயலைத் தடுக்க முடியாது. தன் மண்ணில் ஒரு தொழிலைத் தொடங்க வருகிறவரை எப்படி நடத்துகிறது என்பது மட்டுமே முழுமையாக அதன் கையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன். வரிக் குறைப்பும் தரவரிசை ஏற்றமும் அதன் வெளித்தோற்றங்கள்.

மொரீஷியஸைப் பற்றி முதலில் எழுதப்பட்ட பொருளாதார மதிப்பீடுகள் நம்பிக்கை தருபவை அல்ல. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் 1960களின் தொடக்கத்தில் தீவை ஆராய்ந்துவிட்டு, பெருகும் மக்கள்தொகையும் கரும்பு ஒன்றையே நம்பிய பொருளாதாரமும் சேர்ந்து அமைதியான வளர்ச்சிக்கு இடம் தராது என்று அஞ்சினார். 1968 மார்ச் 12ஆம் தேதி விடுதலை கிடைத்தபோது ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சர்க்கரையிலிருந்தே வந்தது. மீட் அஞ்சியபடி நடக்கவில்லை. தைவானின் அனுபவத்தைக் கண்டுவந்த பேராசிரியர் எதுவார் லிம் ஃபாட் முன்வைத்த யோசனையை ஏற்று, 1970இல் ஏற்றுமதி உற்பத்தி மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் எந்த ஆலைக்கும், தீவின் எந்த மூலையில் இருந்தாலும், வரிச் சலுகையும் தீர்வையில்லாத மூலப்பொருளும் கிடைத்தன. வேலி போட்ட தனி இடமாக இல்லாமல் தீவு முழுவதுமே மண்டலமாக இருந்ததால், கரும்புத் தோட்டத்தை அடுத்த சிற்றூர்களில் தையல் ஆலைகள் எழுந்தன. அதுவரை கூலி வேலையறியாத ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சம்பளம் வாங்கினார்கள். 1975இல், ஐரோப்பா தன் முன்னாள் குடியேற்ற நாடுகளோடு செய்துகொண்ட லோமே வணிக ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை உடன்படிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை உலகச் சந்தை விலையைவிட மிக உயர்ந்த விலையில் ஐரோப்பா வாங்கிக்கொள்ளும் என்று உறுதி தந்தது. அந்த வருவாயில் கட்டணமில்லாக் கல்வியும் மருத்துவமும் நிலைபெற்றன.

ஆக, நாட்டின் இரண்டு கால்களும் பிறர் போட்ட கையெழுத்தின் மேல் நின்றன. பிறர் கையெழுத்தைத் திரும்பப் பெறும் நாள் வந்தபோது உள்நாட்டுச் சட்டங்கள் எந்த நிலையில் இருந்தன என்று பார்க்க வேண்டும்.

ரோஸ் ஹில் நகரில் ஒருவர் தால் பூரிக் கடை திறக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்து மெல்லிதாகத் திரட்டிச் சுடும் இந்தப் பூரி அத்தீவின் தெருவுணவு. ஒரு தோசைக்கல்லும் ஒரு சிறிய அறையும் போதும். ஆனால் 2006க்கு முன் அவர் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற 1954ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டத்தின்படி ஓர் அனுமதி பெற வேண்டும். சுவரை மாற்றிக் கட்டுவதென்றால் 1919ஆம் ஆண்டின் கட்டடச் சட்டத்தின்படி இன்னொன்று. பிறகு நகராட்சியிடம் வணிக உரிமம். அதற்கு முன்பாகச் சுகாதாரத் துறையும் தீயணைப்புத் துறையும் தனித்தனியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரு துறை பார்த்து முடித்த பிறகுதான் மற்றொன்று கோப்பைத் தொடும். இடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தால்தான் விண்ணப்பமே ஏற்கப்படும் என்பதால், ஒரு பூரிகூட விற்காமல் பல மாத வாடகையை அவர் கொடுத்திருப்பார். பெரிய நிறுவனத்துக்கு இந்தச் செலவு ஒரு கணக்குப் பதிவு. கைமுதலோடு வருகிற சிறிய ஆளுக்கோ இதுதான் தொழில் தொடங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற தொகை.

இதில் அளவு சார்ந்த இன்னொரு சிக்கல் இருக்கிறது; பெரிய நாடுகளில் இருப்பவர்கள் அதை எளிதில் உணர்வதில்லை. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் இடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் மனம் என்றால், விண்ணப்பதாரர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சமூகம், எந்தக் கட்சி என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். இந்திய, ஆப்பிரிக்க, ஐரோப்பிய, சீன வழித்தோன்றல்கள் நெருங்கி வாழும் நாட்டில் இது வெறும் ஊழல் பிரச்சினை அன்று, சமூக அமைதியின் பிரச்சினை. ரூபாய்த் தாளில் மொழிகளின் வரிசை எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை 1998இல் அந்நாடே கண்டது. ஆங்கிலத்துக்கு அடுத்து வழக்கமாக இருந்த தமிழ் கீழே தள்ளப்பட்டு இந்தி மேலேறிய புதிய தாள்கள் வெளியானபோது தமிழ் வம்சாவளியினர் எதிர்த்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தாளில் ஒரு வரி இடம் மாறினாலே இப்படியென்றால், பிழைப்புக்கான உரிமம் ஆள் பார்த்துத் தரப்படுகிறது என்ற ஐயம் எவ்வளவு காயப்படுத்தும்? அனைவருக்கும் ஒரே விதி, அதுவும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட விதி என்பதன் மதிப்பு, ஒருவரையொருவர் அறிந்த சிறிய சமூகத்தில் பன்மடங்கு அதிகம்.

2006ஆம் ஆண்டின் வணிக எளிமையாக்கச் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. 2005 தேர்தலில் வென்ற நவீன் ராம்கூலம் அரசில் நிதி அமைச்சராக இருந்தவர் ராமா சித்தானென். தமிழ் வேர் கொண்ட பொருளியலாளர். அவர் கொண்டுவந்த சட்டத்தின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: முன்கூட்டி அனுமதி வாங்குவதற்குப் பதிலாக, விதியை முன்பே அறிவித்துவிட்டு, தொழில் தொடங்கிய பிறகு சோதிப்பது. பழைய வணிக உரிமம் நீக்கப்பட்டது. நிலப் பயன்பாட்டு அனுமதியும் கட்டட அனுமதியும் ஒரே அனுமதியாக இணைக்கப்பட்டன. சிறு தொழில்களுக்கு அதை மூன்று வேலை நாட்களில் தர வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது. தொழிலைப் பதிவு செய்து எண் பெற்றவுடன் கடையைத் திறக்கலாம். சுகாதார, தீத் தடுப்பு விதிகள் போகவில்லை. அவை வழிகாட்டிகளாக எழுதி வெளியிடப்பட்டன. கடைக்காரர் அவற்றைக் கடைப்பிடிப்பதாகத் தானே பொறுப்பேற்கிறார். அதிகாரி பின்னர் வந்து பார்க்கிறார், மீறியிருந்தால் தண்டிக்கிறார்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் அரசின் மனப்போக்கையே திருப்பிப் போடுகிறது. முன்னதில் குடிமகன் தவறு செய்வான் என்ற எண்ணத்திலிருந்து நிர்வாகம் தொடங்குகிறது. பின்னதில் அவன் விதிப்படி நடப்பான் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கி, நடக்காதவனை மட்டும் பிடிக்கிறது. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. பின்னால் வந்து சோதிக்கும் அதிகாரிகள் போதிய எண்ணிக்கையிலும் நேர்மையோடும் இல்லாவிட்டால், அனுமதியை ஒழித்தது கண்காணிப்பையே ஒழித்ததாக முடியும். ஆகவே உரிமச் சீர்திருத்தம் என்பது செலவில்லாமல் பேனாவால் செய்துமுடிக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அதன் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள் என்பேன். மேசையிலிருந்து எடுத்த ஆட்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே மறுபாதி.

வெளிநாட்டவருக்கும் இதே தர்க்கம் பொருத்தப்பட்டது. பணி அனுமதிக்கு ஓரிடமும் வசிப்பு அனுமதிக்கு வேறிடமுமாக இருந்த இரட்டை நடைமுறையை, முதலீட்டாளர்களுக்கும் குறிப்பிட்ட வருவாய்க்கு மேல் ஈட்டும் தொழில் வல்லுநர்களுக்கும் ஒரே அனுமதியாகச் சுருக்கினார்கள். இதற்கும் மூன்று வேலை நாள் கெடு. திறமையுள்ளவர்களின் எண்ணிக்கையே குறைவாக உள்ள சிறிய நாட்டில் ஒரு பொறியாளரையோ கணக்கறிஞரையோ ஆறு மாதம் காக்கவைப்பது, அவரை நம்பியிருக்கும் பத்து உள்ளூர் வேலைகளையும் காக்கவைப்பதாகும்.

வரியில் நடந்தது இன்னும் துணிச்சலானது. பல படிகளும் எண்ணற்ற விலக்குகளும் கொண்டிருந்த வருமான வரியும் நிறுவன வரியும் சில ஆண்டுகளில் 15 விழுக்காடு என்ற ஒரே விகிதத்துக்குக் கொண்டுவரப்பட்டன. மதிப்புக்கூட்டு வரியும் அதே 15 விழுக்காடு. ஏற்றுமதி நிறுவனங்களுக்கென்று இருந்த தனிச் சலுகைகள் நீக்கப்பட்டு, ஏற்றுமதியாளருக்கும் உள்நாட்டு வணிகருக்கும் ஒரே சட்டம் என்றானது. 1970இல் நாட்டைத் தூக்கிவிட்ட ஏற்றுமதி மண்டலச் சட்டம் இவ்வாறு தன் வேலையை முடித்துக்கொண்டது. வருமான வரி, சுங்கம், மதிப்புக்கூட்டு வரி எனத் தனித்தனியே இயங்கிய துறைகளை இணைத்த மொரீஷியஸ் வருவாய் ஆணையம் 2006 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. அதன் தலைமைப் பொறுப்புக்கு இந்திய வருவாய்த் துறையில் பணியாற்றிய ஒருவரை அமர்த்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில் வரி வசூலிப்பவர் வெளியாளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு.

விலக்குகளை ஒழிப்பதென்றால் அவற்றால் வாழ்ந்தவர்கள் வலியை உணர்வார்கள். வீட்டுச் சொத்து வரியும் சேமிப்பு வட்டி மீதான வரியும் நடுத்தர வகுப்பைக் கோபப்படுத்தின. 2010 தேர்தலில் சித்தானெனுக்குக் கட்சி போட்டியிட இடம் தரவில்லை. அடுத்து வந்த நிதி அமைச்சர் அந்த இரண்டு வரிகளையும் நீக்கினார். ஒற்றை விகித வருமான வரியும் நிலைக்கவில்லை. 2023 ஜூலையிலிருந்து 0 முதல் 20 விழுக்காடு வரையிலான படிநிலை வரி வந்துவிட்டது. இதை 2006இன் தோல்வி என்று நான் கருதவில்லை. வரி விகிதம் எத்தனை என்பது ஒவ்வொரு தலைமுறையும் தனக்காக முடிவு செய்துகொள்ள வேண்டிய கேள்வி. விலக்குக் கேட்டு அமைச்சகத்தின் வாசலில் நிற்கும் வழக்கத்தை உடைத்ததுதான் அந்தச் சீர்திருத்தத்தின் நிலையான பங்கு.

இவ்வளவையும் ஓரிரு ஆண்டுகளில் செய்ய முடிந்ததற்கும் நாட்டின் சிறிய அளவே காரணம். மாநிலங்கள் இல்லை. பெரிய துறைமுகம் ஒன்றே ஒன்று. போர்ட் லூயியில் ஒரு விதியை மாற்றினால் நாடு முழுவதும் மாறியதாகப் பொருள். இதை அவர்கள் முன்பே ஒருமுறை சோதித்துப் பார்த்திருந்தார்கள். சிங்கப்பூரைப் பார்த்து 1994இல் சுங்கப் படிவங்களை மின்னணு வழியில் அனுப்பும் டிரேட்நெட் வலையமைப்பைத் தொடங்கினார்கள். உலகின் பெரும்பகுதி இணையம் என்ற சொல்லையே கேள்விப்படாத காலம் அது. சரக்கு இறக்குமதியாளர் தன் அலுவலகத்திலிருந்தே சுங்கத்துக்கு விவரம் அனுப்ப முடிந்தது. ஒரே துறைமுகம், ஒரே சுங்கத்துறை, விரல்விட்டு எண்ணக்கூடிய முகவர்கள் என்பதால் சாத்தியமான வேலை அது. பெரிய நாடு ஒன்று இதே மாற்றத்துக்கு எத்தனை துறைமுகங்களையும் எத்தனை அரசுகளையும் ஒருங்கே நகர்த்த வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், தீவாக இருப்பதன் இந்த ஒரு நன்மை தெளிவாகும்.

நீதித் துறையிலும் ஒரு வரலாற்றுத் தற்செயல் துணைநின்றது. 1715 முதல் 1810 வரை பிரெஞ்சு ஆட்சி, அதன்பின் பிரிட்டிஷ் ஆட்சி. ஆகவே சொத்தும் ஒப்பந்தமும் பெருமளவு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் வழியிலும், நிர்வாகமும் நீதிமன்ற நடைமுறையும் ஆங்கில வழியிலும் அமைந்தன. இன்றும் இறுதி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குச் செல்கிறது. விடுதலை பெற்ற நாடு இப்படி வைத்திருப்பது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் தீவின் அரசியலிலும் உறவுகளிலும் கலக்காத ஒரு நீதிமன்றம் கடைசியில் இருக்கிறது என்பது முதலீட்டாளருக்கு மட்டுமல்ல, அரசோடு வழக்காடும் உள்ளூர்க்காரருக்கும் காப்பு. 2009இல் உச்ச நீதிமன்றத்தில் வணிக வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. அதே ஆண்டில் நொடிப்புச் சட்டமும் புதுப்பிக்கப்பட்டது. தொழில் தொடங்குவது எளிதானால் மட்டும் போதாது, தோற்றவர் கடனைத் தீர்த்து வெளியேறுவதும் எளிதாக வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் விரைவிலேயே உணர்ந்திருந்தார்கள்.

பலன் கிடைத்ததா? 2005இல் 9.6 விழுக்காடாக இருந்த வேலையின்மை 2008இல் 7.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டைச் சுற்றி வளர்ந்தது. 2009இன் உலக நிதி நெருக்கடியிலும் வளர்ச்சி நின்றுவிடவில்லை. உலக வங்கியின் எளிதாகத் தொழில் செய்யும் நாடுகள் பட்டியலில் 2008 அறிக்கையில் 27ஆம் இடத்தில் இருந்த மொரீஷியஸ் 2010 அறிக்கையில் 17ஆம் இடத்துக்கும் 2020 அறிக்கையில் 190 நாடுகளில் 13ஆம் இடத்துக்கும் ஏறியது. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே அதற்கு நிகராக எவரும் இல்லை.

அந்தப் பட்டியலே பின்னர் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடு இருந்தது வெளிவந்த பின், 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. மொரீஷியஸின் எண்களில் குறை காணப்படவில்லை. ஆனாலும் பட்டியலில் ஏறுவதையே இலக்காக வைத்த நாடுகளுக்கு அது ஓர் எச்சரிக்கை. அந்த அளவுகோல் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அது பதிவு பெற எத்தனை படிகள், எத்தனை நாட்கள் என்று வழக்கறிஞர்களிடமும் கணக்கறிஞர்களிடமும் கேட்டு எண்ணியது. எண்ணக்கூடியதை அது எண்ணியது. பதிவு பெற்ற கடைக்காரர் மாவை யாரிடம் வாங்குகிறார், அறைக்கு வாடகை யாருக்குக் கொடுக்கிறார், மாவு திரட்ட ஆள் கிடைக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கேள்வித்தாளில் இல்லை. மொரீஷியஸின் இன்றைய சிக்கல்கள் பெரும்பாலும் அந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்குகின்றன.

முதலில் போட்டி. சிறிய சந்தையில் ஒரு பொருளை இறக்குமதி செய்யவோ உற்பத்தி செய்யவோ இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மேல் இடமிருப்பதில்லை. அவையும் கரும்புத் தோட்டங்களில் பிறந்து வங்கி, ஓட்டல், சில்லறை வணிகம், மின்னுற்பத்தி என்று கிளைத்த சில பெரிய குழுமங்களின் கைக்குள் இருக்கும்போது, உரிமத்தை எளிமையாக்கினாலும் புதியவர் நுழையும் கதவு குறுகலாகவே இருக்கும். அரசு காகிதத் தடையை எடுத்துவிட்டால் சந்தையில் இருப்பவரின் தடை எஞ்சிவிடுகிறது. 2007இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டு, 2009இல் போட்டி ஆணையம் வேலையைத் தொடங்கியது சரியான திசையில் எடுத்த அடி. 2006 சட்டத்துக்கு அடுத்து மிக முக்கியமானது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தரவரிசையைப் பற்றிய பேச்சில் இதற்கு எப்போதும் உரிய இடம் கிடைத்ததில்லை.

நிலத்தின் கதை இன்னும் பழையது. பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகளின் உழைப்பாலும், 1834க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் உழைப்பாலும் எழுந்த தோட்டங்கள் சில குடும்பங்களிடம் குவிந்தன. அவ்வாறு வந்தவர்களில் தமிழர்கள் கணிசம். அதற்கும் நூறாண்டு முன்பே போர்ட் லூயியைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்கள். 2009இல் அமைக்கப்பட்ட உண்மை, நீதி ஆணையம் அடிமைமுறையையும் ஒப்பந்தக் கூலிமுறையையும் ஆராய்ந்தபோது, தங்கள் முன்னோரின் நிலம் பறிபோனதாகப் பல குடும்பங்கள் முறையிட்டன. சர்க்கரை விலை சரிந்த பிறகு தோட்ட உரிமையாளர்கள் கரும்பை விட்டு வீட்டுமனைக்கு மாறினார்கள். 2002இலிருந்தே, குறைந்தது 5 லட்சம் டாலர் கொடுத்தால் வெளிநாட்டவர் ஒருங்கிணைந்த உல்லாசக் குடியிருப்புகளில் வீடு வாங்கலாம் என்ற திட்டம் இருந்தது. பின்னர் அத்தகைய திட்டங்கள் விரிந்தன. இன்று நாட்டுக்குள் வரும் நேரடி அந்நிய முதலீட்டில் பெரும்பகுதி மனை, வீடு வாங்கவே வருகிறது. தொழில்சூழல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்நிய முதலீட்டின் மொத்தத் தொகையைச் சான்றாகக் காட்டும்போது இதைப் பிரித்துப் பார்ப்பது நேர்மையாகும். ஓர் ஆலைக்கு வந்த பணம் ஆண்டுதோறும் சம்பளம் தரும். கடற்கரை மாளிகைக்கு வந்த பணம் ஒருமுறை அந்நியச் செலாவணியைத் தந்துவிட்டு, பக்கத்து ஊரின் நில விலையை ஏற்றிவிட்டுப் போகும். இருபத்தைந்து வயதில் திருமணமாகி வீடு கட்ட மனை தேடும் ஓர் ஆசிரியர் இந்த விலையோடுதான் போட்டியிட வேண்டும்.

நிதித் துறையில் தீவு பழைய பாடத்தை மறுபடி படிக்க நேர்ந்தது. இந்தியாவோடு 1982இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்றுப் பெறும் மூலதன ஆதாயத்துக்கு மொரீஷியஸில் மட்டுமே வரி. மொரீஷியஸிலோ அதற்கு வரியே இல்லை. 1990களில் இந்தியா சந்தையைத் திறந்ததும் உலகெங்கிலுமிருந்து பணம் இத்தீவின் முகவரி வழியாகப் பாய்ந்தது. 2000க்குப் பின் இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறத்தாழக் கால் பங்கு மொரீஷியஸ் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கறிஞர்கள், வழக்கறிஞர்கள், நிர்வாக நிறுவனங்கள் என்று ஒரு தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எபென் நகரின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை கிடைத்தது. ஆனால் சர்க்கரை உடன்படிக்கையைப் போலவே இதுவும் இன்னொரு நாடு தந்த சலுகை. 2016 மே 10ஆம் தேதி ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கும் உரிமையைப் பெற்றது. 2024 மார்ச்சில் கையெழுத்தான நெறிமுறை, வரியைத் தவிர்ப்பதே முதன்மை நோக்கமா என்று சோதிக்கும் விதியையும் சேர்த்தது. இடையில் 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணப் புழக்கத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு, கறுப்புப் பண மோசடித் தடுப்பில் குறைகள் இருப்பதாகக் கூறி மொரீஷியஸைக் கூடுதல் கண்காணிப்புக்கான சாம்பல் பட்டியலில் வைத்தது. எளிதாகத் தொழில் செய்வதில் உலகில் 13ஆம் இடம் என்று கொண்டாடிய சில மாதங்களிலேயே இது நடந்தது. பின்னால் வந்து சோதிக்கும் கடமை நிதித் துறையில் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே அந்தப் பட்டியலின் பொருள். சட்டங்களைத் திருத்தி, மேற்பார்வையை இறுக்கி, 2021 அக்டோபரில் அதிலிருந்து வெளியே வந்தார்கள். அந்த வேகத்திலும் நாட்டின் சிறிய உருவம் கைகொடுத்தது.

அதே 2020 வேறு வகைகளிலும் கடினமாக இருந்தது. எல்லைகள் மூடப்பட்டுச் சுற்றுலா நின்றுபோய், உற்பத்தி ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்கியது. ஜூலையில் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. காய்ந்த கரும்புத் தோகையையும் தலைமயிரையும் அடைத்துக் கையால் தைத்த மிதவைத் தடுப்புகளோடு மக்கள் கடலில் இறங்கினார்கள்.

அனுமதிகள் களைபோல மீண்டும் முளைப்பவை என்பதும் இந்த அனுபவத்தில் தெரிகிறது. 2006இல் ஒருமுறை சுத்தம் செய்த பிறகு ஒவ்வொரு அமைச்சகமும் தன் பொறுப்பின் பெயரால் புதிய சான்று, புதிய ஒப்புதல் என்று கேட்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமானதுதான். 2017இலும் 2019இலும் மீண்டும் வணிக எளிமையாக்கச் சட்டங்களை இயற்ற வேண்டியிருந்தது. முதலீட்டு வாரியத்தையும் வேறு இரு நிறுவனங்களையும் இணைத்து 2018 ஜனவரியில் பொருளாதார வளர்ச்சி வாரியம் உருவானது. உரிம விண்ணப்பங்களை ஒரே மின்னணுத் தளத்தில் சேர்க்கும் வேலையும் நடந்தது. ஒருமுறை செய்துமுடிக்கும் சீர்திருத்தம் என்று இதில் ஒன்று இல்லை. வயல் வரப்பைப்போல ஆண்டுதோறும் வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கிறது.

ரோஸ் ஹில் கடைக்காரரிடம் திரும்பிப் போனால், அவர் இன்று பதிவுக்காக அலைய வேண்டியதில்லை. அவருக்குக் கிடைக்காதது ஆள். பிறப்பு விகிதம் பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தைக்கும் கீழே இறங்கிவிட்டது. படித்த இளைஞர்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போகிறார்கள். ஆடை ஆலைகளிலும் கட்டுமானத்திலும் ரொட்டிக் கூடங்களிலும் வங்கதேசம், இந்தியா, நேபாளம், மடகாஸ்கர் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். முதலீட்டாளருக்கும் உயர் சம்பள வல்லுநருக்கும் மூன்று நாளில் அனுமதி தருவதற்காக 2006இல் திறந்த வழியில் இவர்களுக்கு இடமில்லை. மாவு திரட்ட ஒருவரை வரவழைக்க வேண்டுமென்றால், கடைக்காரர் தொழிலாளர் அமைச்சகத்திடம் பணி அனுமதிக்கும், பிறகு தனியாக வசிப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளருக்காக இருபது ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக்கப்பட்ட அந்த இரண்டு அனுமதிகளும் அவருக்கு மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கின்றன.